நார்வேக்காரர்களின் பேரப்பிள்ளைகள்: மே 17, லெஃப்ஸா, லூட்டஃபிஸ்க் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் மினசோட்டா, விஸ்கான்சின், வடக்கு டகோட்டா பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேரும் நம்மவர்கள் முதல் வசந்தத்திலேயே ஒன்றைக் கவனித்துவிடுவார்கள். மே மாதம் வந்ததும் சில ஊர்களில் சிவப்பு, வெள்ளை, நீலத்தில் சிலுவை போட்ட கொடி வீட்டுக்கு வீடு ஏறிவிடும். "இது எந்த நாட்டுக் கொடி? இவர்கள் எல்லாரும் அமெரிக்கர்கள்தானே?" என்று கேட்பார்கள். அது நார்வேக் கொடி; ஏற்றுபவர்கள் நார்வேயிலிருந்து குடியேறியவர்களின் வம்சாவளியினர். அங்கே தொடங்கிக் கேள்வி நீண்டுகொண்டே போகும். பல வருடங்களாக இந்த ஊர் விழாக்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். இதுவரை என்னிடம் கேட்கப்பட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதி வைக்கிறேன்.

இந்த நார்வே வம்சாவளியினர் எப்போது அமெரிக்கா வந்தார்கள்?

கூட்டமாக வந்த முதல் பயணத்துக்குத் தேதியே இருக்கிறது. 1825 ஜூலை 4 அன்று நார்வேயின் ஸ்டாவாங்கர் துறைமுகத்திலிருந்து 'ரெஸ்டவுராசியோன்' என்ற சின்னப் பாய்மரக் கப்பல் 52 பேரோடு கிளம்பியது. அரசுத் திருச்சபையோடு ஒத்துப்போகாத குவேக்கர் பிரிவினரும் அவர்களை ஒட்டியவர்களுமே அதில் பெரும்பாலோர். நடுக்கடலில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அக்டோபர் 9 அன்று நியூயார்க்கில் கரை இறங்கியபோது 53 பேர்.

இறங்கியதும் சிக்கல். கப்பல் 39 டன்தான். 5 டன்னுக்கு 2 பயணிகளுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று அமெரிக்கச் சட்டம் இருந்தது. கப்பலைப் பிடித்து வைத்து அபராதம் போட்டார்கள். அப்போதைய ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் நவம்பரில் அதை மன்னித்தார். சட்டத்தை மீறி அளவுக்கு மேல் ஆள் ஏற்றி வந்த கப்பலின் பிள்ளைகள் தாங்கள் என்பதை இந்த ஊர் முதியவர்கள் மறைப்பதில்லை. நான் கேட்டவரை பெருமையோடுதான் சொல்கிறார்கள்.

2025இல் அந்தப் பயணத்துக்கு 200 ஆண்டு. அதே பெயரில், அதே வடிவில் கட்டிய கப்பல் அதே ஜூலை 4 அன்று ஸ்டாவாங்கரிலிருந்து மறுபடி அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பியது.

ஏன் இத்தனை பேர் சொந்த நாட்டை விட்டார்கள்?

நிலம் போதவில்லை. நார்வேயில் உழுது பயிரிடத்தக்க நிலம் நூற்றுக்கு 3 பங்குதான். மற்றதெல்லாம் மலையும் காடும் பாறையும். பரம்பரை நிலம் மூத்த வாரிசுக்குப் போகும். இளையவர்கள் பிறர் நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டு, வாடகைக்குப் பதில் உடலுழைப்பைக் கொடுக்கும் குடியானவர்களாக இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் குழந்தை இறப்பு குறைந்தது, மக்கள்தொகை கூடியது, நிலமோ அதே நிலம். அந்த நேரத்தில் அமெரிக்காவில் 1862இன் ஹோம்ஸ்டெட் சட்டம் வந்தது. 5 ஆண்டு குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் சொந்தம் என்றது. முன்னால் போனவர்கள் எழுதிய 'அமெரிக்கக் கடிதங்கள்' ஊர் ஊராகக் கைமாறி வாசிக்கப்பட்டன.

நூறு ஆண்டில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தார்கள். 1801இல் நார்வேயின் மொத்த மக்கள்தொகையே சுமார் 8.8 லட்சம்தான் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் அளவு புரியும். மக்கள்தொகை விகிதப்படி ஐரோப்பாவில் அயர்லாந்துக்கு அடுத்து அதிகம் பேரை அமெரிக்காவுக்கு அனுப்பிய நாடு இதுதான். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 45 லட்சம் அமெரிக்கர்கள் தங்கள் வேர் நார்வே என்று எழுதினார்கள். எண்ணிக்கையில் மினசோட்டா முதலிடம், விகிதத்தில் வடக்கு டகோட்டா.

மே 17 என்ன நாள்? சுதந்திர தினமா?

சரியாகச் சொன்னால் அரசியல் சாசன நாள். 1814 மே 17 அன்று எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் கூடிய பிரதிநிதிகள் நார்வேயின் அரசியல் சாசனத்தில் கையெழுத்திட்டார்கள். 400 ஆண்டுக்கும் மேல் டென்மார்க்கோடு இருந்த நாடு அப்போதுதான் அதன் பிடியிலிருந்து விலகியிருந்தது. அதே ஆண்டு இறுதிக்குள் ஸ்வீடனோடு ஒரே மன்னரின் கீழ் இணைக்கப்பட்டு 1905 வரை அப்படியே இருந்தது. ஆனால் சாசனம் கையை விட்டுப் போகவில்லை. அதனால்தான் முழு விடுதலை கிடைத்த 1905ஐ விட இந்த நாளைத்தான் மக்கள் கொண்டாடுகிறார்கள்.

நாளின் பெயரே தேதிதான்: 'சித்தண்ட மாய்', அதாவது பதினேழு மே. நார்வேயில் அன்று ராணுவ அணிவகுப்பு கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடி பிடித்து நடப்பார்கள். ஆஸ்லோவில் அரச குடும்பம் அரண்மனை மாடத்தில் நின்று கையசைக்கும். ஒரு நாடு தன் பெருநாளைப் பிள்ளைகள் கையில் கொடுத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அமெரிக்காவில் இந்த நாள் ஊருக்கு ஊர் வேறு முகம் காட்டும். விஸ்கான்சினின் ஸ்டோட்டனில் மே 17ஐ ஒட்டிய வார இறுதி முழுக்க விழா. தலைநகர் மேடிசனிலிருந்து ஸ்டோட்டன் வரை 20 மைல் ஓட்டப் பந்தயம் உண்டு. அந்த ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு 1953 முதல் நார்வே நடனக் குழு ஒன்று இருக்கிறது. அதில் இடம் பிடிக்கத் தேர்வு நடக்கும். பையன்கள் ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் காலை வீசிக் குதிப்பதைப் பார்க்கக் கூட்டம் தெருவின் இரு பக்கமும் மூச்சடக்கி நிற்கும். சியாட்டிலின் பல்லார்ட் பகுதியில் வார நாளானாலும் மே 17 அன்றேதான் ஊர்வலம். வேலை முடிந்து வருபவர்களுக்காக மாலையில் நடத்துகிறார்கள். பல்லார்ட் மீனவர்களும் படகு கட்டுபவர்களும் குடியேறிய இடம்.

நியூயார்க்கின் புரூக்ளினில் நடப்பது வேறு கதை. அங்கே எட்டாவது அவென்யூவை ஒருகாலத்தில் 'லாப்ஸ்கவுஸ் பூல்வார்ட்' என்று அழைத்தார்கள். லாப்ஸ்கவுஸ் என்றால் இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்ட நார்வேக் கூட்டு. இன்று அதே தெரு சீனர்களின் கடைத்தெரு. ஆனாலும் பக்கத்து பே ரிட்ஜில் மே மாத ஞாயிறு ஒன்றில் ஊர்வலம் நடக்கிறது. குடும்பங்கள் புறநகர்களிலிருந்து காரில் வந்து, தாத்தா குடியிருந்த தெருவில் ஒரு மதியம் நடந்துவிட்டுத் திரும்புகின்றன.

அக்டோபர் 9 ஏன் 'லெய்ஃப் எரிக்சன் நாள்'?

கொலம்பஸுக்கு சுமார் 500 ஆண்டு முன்பே வட அமெரிக்காவில் காலடி வைத்தவர் லெய்ஃப் எரிக்சன். பழைய ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளில் ஒருவர். அவர் எந்தத் தேதியில் இறங்கினார் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. அதனால் ரெஸ்டவுராசியோன் நியூயார்க்கை அடைந்த அக்டோபர் 9ஐ எடுத்துக்கொண்டார்கள். 1964இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கு ஒப்புதல் தந்தது. லெய்ஃப் பிறந்தது ஐஸ்லாந்து என்பதை ஐஸ்லாந்துக்காரர்கள் மறக்காமல் நினைவூட்டுவார்கள், அதுவும் நியாயமே.

வைக்கிங்குகள் வந்தது கதையில்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1960இல் ஹெல்கெ இங்ஸ்டாட், ஆன்னெ ஸ்டீனெ இங்ஸ்டாட் தம்பதி கண்டெடுத்த குடியிருப்பு அதற்குச் சான்று. அங்கே வெட்டப்பட்ட மரத்துண்டு 1021ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று 2021இல் ஆய்வு சொன்னது. ஆனால் மினசோட்டாவில் கென்சிங்டன் என்ற ஊர் அருகே 1898இல் ஒரு ஸ்வீடன்காரரின் வயலில் கிடைத்த, 1362 என்று பொறித்த கல்லை அப்படி நம்பிவிட வேண்டாம். அது 19ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது என்பதே மொழியறிஞர்களின் முடிவு. அலெக்சாண்ட்ரியா நகர அருங்காட்சியகத்தில் அந்தக் கல்லைப் பார்க்கலாம். வந்த இடத்தில் நமக்கும் பழைய உரிமை உண்டு என்று சொல்ல ஒரு குடியேறிய சமூகம் எவ்வளவு ஏங்கியது என்பதைப் புரிந்துகொள்ளவாவது அதைப் பார்க்க வேண்டும்.

லூட்டஃபிஸ்க் என்றால் என்ன? உண்மையிலேயே காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கிறார்களா?

ஆமாம். பயப்பட வேண்டாம்.

நார்வேயின் வடக்கே லொஃபோட்டன் தீவுகளில் காட் மீனை உப்பே போடாமல் மரச் சட்டங்களில் தொங்கவிட்டுக் குளிர்காற்றில் காயவைப்பார்கள். நம் கருவாட்டுக்கு உப்பில்லாத உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். விறகுக்கட்டை மாதிரி ஆகிவிடும், ஆண்டுக்கணக்கில் கெடாது. அதைப் பல நாள் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு காஸ்டிக் சோடாக் கரைசலில் போடுவார்கள். முன்பு பிர்ச் மரச் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த நீர். மீன் பருத்து, நுங்கு போலக் கொழகொழவென்று ஆகும். மறுபடி பல நாள் தண்ணீர் மாற்றி மாற்றி அலசினால்தான் சாப்பிட முடியும். வெந்து தட்டுக்கு வரும்போது கண்ணாடி போலப் பளபளக்கும். கரண்டி பட்டால் இதழ் இதழாக விலகும். வெள்ளிக் கரண்டியில் சாப்பிட்டால் கரண்டி கறுத்துவிடும்.

சுவை பெரிதாக எதுவும் இல்லை. வாசனைதான் முதலில் வரும். உருக்கிய வெண்ணெய் நார்வே வழி, வெள்ளைச் சாறு ஸ்வீடன் வழி என்பார்கள். எது சரி என்று ஒரே மேஜையில் வாக்குவாதம் நடக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை லூத்தரன் சர்ச்சுகளின் கீழ்த்தளக் கூடங்களில் லூட்டஃபிஸ்க் விருந்து நடக்கும். வாசலில் எண் கொடுப்பார்கள். எண் கூப்பிடும் வரை மேலே சர்ச் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே நீளமான மேஜைகளில் அறிமுகமில்லாதவர்களோடு தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, பாத்திரத்தைக் கைமாற்றிக்கொண்டு சாப்பிட வேண்டும். பரிமாறுவது ஊர்ப் பிள்ளைகள். பந்திச் சாப்பாடு பழகிய நமக்கு அங்கே அந்நியமாகத் தோன்றாது. மினசோட்டாவின் மேடிசன் என்ற சிற்றூர் தன்னை லூட்டஃபிஸ்க் தலைநகர் என்று அறிவித்து, பெரிய காட் மீன் சிலையே வைத்திருக்கிறது.

வறுமையில் தங்களோடு எடுத்துவந்த உணவு இது. வசதி வந்த பிறகும் அவர்கள் இதை விட்டுவிடவில்லை. இன்றைய நார்வேயிலும் லூட்டஃபிஸ்க் உண்டு, குளிர்காலத்தில் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். ஆனால் ஊரே கூடி எண் வாங்கிக் காத்திருந்து சாப்பிடும் இந்த சர்ச் விருந்து, அமெரிக்க மண்ணில் உருவான பழக்கம்.

லெஃப்ஸா சப்பாத்தி மாதிரியா?

பார்வைக்கு அப்படித்தான். மாவு வேறு. ஒரு நவம்பர் சனிக்கிழமை எங்கள் பகுதி சர்ச்சில் லெஃப்ஸா சுடும் பெண்களோடு அரை நாள் நின்றேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் இரவே உருளைக்கிழங்கை வேகவைத்து, நம் இடியாப்ப உழக்கு போன்ற ஒன்றில் கட்டியில்லாமல் பிழிந்து, வெண்ணெயும் கிரீமும் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துக் குளிரவைத்துவிடுகிறார்கள். சூடு முழுக்கத் தணிந்த பிறகுதான் மைதா சேர்ப்பார்கள். சூட்டோடு சேர்த்தால் மாவு ஒட்டிக்கொண்டு படுத்தும். துணி போர்த்திய வட்டப் பலகை. வரி வரியாகச் செதுக்கிய கட்டை; அதற்கும் துணி உறை. கையால் அழுத்தவே கூடாதாம். "கட்டையின் எடையே போதும், நீ அழுத்தாதே" என்று எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பலகையில் அச்சடித்த எழுத்து மாவின் வழியே தெரிய வேண்டும், அவ்வளவு மெல்லிசு. பிறகு ஒரு முழத்துக்கு மேல் நீளமான தட்டைக் குச்சியை நடுவில் நுழைத்துத் தூக்கி, எண்ணெயில்லாத பெரிய வட்டக் கல்லில் விரிக்க வேண்டும். பழுப்புப் புள்ளி விழுந்ததும் அதே குச்சியால் திருப்பிப் போட்டு எடுத்து, ஈரம் காயாமல் துண்டுக்குள் அடுக்க வேண்டும்.

என்னுடையது இந்தியா வரைபடம் மாதிரி வந்தது. பாட்டி அதை எடுத்து வெண்ணெய் தடவி, சர்க்கரை தூவி, சுருட்டி என் கையிலேயே கொடுத்தார். அவருடைய குச்சியின் நுனி கருகி வளைந்திருந்தது. அது அவருடைய அம்மாவினுடையது. அம்மாவுக்கு அவருடைய அப்பா செதுக்கிக் கொடுத்தது. பாட்டிக்கு நார்வே மொழி தெரியாது. நார்வேக்குப் போனதும் இல்லை. ஆனால் 100 ஆண்டுக்கு முன்னால் ஒருவர் கை அசைந்த விதம் அப்படியே அவர் கையில் இருந்தது. பண்பாடு எங்கே தங்கியிருக்கிறது என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தக் குச்சிதான் நினைவுக்கு வருகிறது.

பெண்கள் உடுத்தும் அந்த வெள்ளி நகை போட்ட உடை என்ன? வேற்று ஆள் உடுத்தலாமா?

அது பூனாட். ஆண்களுக்கும் உண்டு. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி நிறம், தனிப் பூவேலை. நூற்றுக்கணக்கான வகைகள் இருக்கின்றன. பார்க்கும் கண்ணுக்கு உடையே ஊரைச் சொல்லிவிடும். மார்பில் குத்தும் வெள்ளி ஊசியின் பெயர் 'சொல்யெ'. அதில் தொங்கும் குட்டிக் குட்டித் தட்டுகள் நடக்கும்போது மின்னும். கைத்தையலும் வெள்ளியும் சேர்ந்து ஒரு பூனாட்டின் விலை பல்லாயிரம் குரோன் ஆகும். நார்வேயில் 14, 15 வயதில் சர்ச்சில் உறுதிபூசுதல் நடக்கும்போது வீட்டார் வாங்கித் தருவது வழக்கம். யுனெஸ்கோ 2024இல் இந்தக் கலையைத் தன் பட்டியலில் சேர்த்தது.

வேற்று ஆள் உடுத்துவதைப் பற்றி: கொள்ளுப்பாட்டி எந்த வட்டாரமோ அந்த உடையைத்தான் உடுத்த வேண்டும் என்று கறாராகச் சொல்பவர்கள் உண்டு. அழைத்த வீட்டார் உடுத்தச் சொன்னால் தயங்க வேண்டாம். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிக்கு நாம் புடவை கட்டிவிடும் அதே அன்புதான். இல்லையென்றால் நம் பட்டுப் புடவையிலேயே போங்கள். நெசவும் சரிகையும் தெரிந்த பெண்கள் நிச்சயம் முந்தானையைத் தொட்டுப் பார்த்து விசாரிப்பார்கள்.

மொழி என்ன ஆயிற்று?

எனக்கு மனம் கனக்கும் கேள்வி இது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மினசோட்டா, விஸ்கான்சின் பக்கத்து வட மாநிலங்களில் நார்வே மொழியிலேயே வாழ்ந்து முடிக்கலாம். சர்ச்சில் பிரசங்கம், கடையில் பேரம், செய்தித்தாள் எல்லாம் அந்த மொழி. அயோவாவின் டெக்கோராவில் 1874இல் தொடங்கிய 'டெக்கோரா போஸ்டன்' என்ற பத்திரிகை 1972 வரை வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கர்னல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹெக் தலைமையில் போரிட்ட 15ஆவது விஸ்கான்சின் படைப்பிரிவில் பெரும்பாலோர் நார்வேக்காரர்கள்.

முதல் உலகப் போரின்போது காற்று மாறியது. 1918 மே 23 அன்று அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங், பள்ளி, ரயில், தொலைபேசி, பொது இடம், வழிபாடு எங்கும் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்று அறிவித்தார். குறி ஜெர்மன் மொழிமேல். அடி எல்லா மொழிக்கும் விழுந்தது. போர் முடிந்ததும் அந்த அறிவிப்பு போய்விட்டது, பயம் போகவில்லை. அடுத்த இரண்டு தலைமுறைக்குள் சர்ச்சுகள் ஆங்கிலத்துக்கு மாறின. வீட்டில் அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாததைப் பேசும் மொழியாக நார்வேஜியன் சுருங்கியது என்று பல முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபம் மட்டும் பலருக்கு மனப்பாடமாக இருக்கிறது. அர்த்தம் கேட்டால் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொல்கிறார்கள்.

சட்டம் மட்டுமே மொழியை விழுங்கிவிட்டது என்றும் சொல்ல முடியாது. பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்று பெற்றோரே விட்டுக்கொடுத்ததும் உண்டு. இதை எழுதும்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் எந்த மொழியில் விளையாடுகிறார்கள் என்பது என் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

தப்பிப் பிழைத்த சொல் 'உஃப் டா'. களைத்து உட்காரும்போது, பாரம் தூக்கும்போது, கெட்ட செய்தி கேட்கும்போது வாயில் வந்துவிடும். நம் 'அப்பாடா', 'ஐயய்யோ' இரண்டின் வேலையையும் அதுவே பார்க்கும். இன்னொரு பக்கம், மொழியைத் திரும்பப் படிக்கும் ஆசையும் இருக்கிறது. மினசோட்டாவின் பெமிட்ஜி அருகே ஏரிக்கரையில் 'ஸ்கூக்ஃபியோர்டன்' என்ற கோடை முகாம் 1963 முதல் நடக்கிறது. உள்ளே நுழைந்ததும் பிள்ளைகளுக்கு நார்வேப் பெயர் வைத்துவிடுவார்கள். சாப்பாடு கேட்பதும் பாட்டும் விளையாட்டும் அந்த மொழியில்தான்.

சங்கங்கள் இருக்கின்றனவா? நாம் சேர முடியுமா?

'சன்ஸ் ஆஃப் நார்வே' மிகப் பெரியது. 1895இல் மினியாபோலிஸில் 18 பேர் தொடங்கியது. பொருளாதாரச் சரிவுக் காலம் அது. நோய் வந்தாலோ சாவு விழுந்தாலோ குடும்பம் தெருவுக்கு வராமல் இருக்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைத்த நிதிதான் ஆரம்பம். விழாவும் நடனமும் மொழி வகுப்பும் பிறகு சேர்ந்தன. உறுப்பினராக நார்வே ரத்தம் வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

எனக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றுவது 'பிக்டெலாக்' என்ற ஊர்ச் சங்கங்கள். ஒரே பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள் கூடுவது. 1899இல் வால்ட்ரெஸ் பகுதிக்காரர்கள் முதலில் கூடினார்கள், அடுத்தடுத்த ஊர்க்காரர்கள் பின்தொடர்ந்தார்கள். தங்கள் வட்டாரப் பேச்சைக் கேட்க வேண்டும் என்ற தவிப்பே அவர்களைச் சேர்த்தது. இன்று அவற்றின் முக்கிய வேலை வம்ச வரலாறு தேடுவது.

வேரைத் தேடுவது எப்படி? எல்லாருக்கும் 'ஓல்சன்', 'ஹான்சன்' என்றே இருக்கிறதே?

அது குடும்பப் பெயராக இருக்கவில்லை. ஓலாவின் மகன் ஓல்சன், மகள் ஓல்ஸ்டாட்டர். மகனுக்கு மகன் பிறந்தால் பெயர் மாறிவிடும். அப்பா பெயரை முன்னெழுத்தாகப் போடும் நமக்கு இது புரிய நேரமாகாது. மூன்றாவதாகப் பண்ணைப் பெயர் வரும்; வேறு பண்ணைக்குக் குடிபோனால் அதுவும் மாறும். அமெரிக்கா வந்ததும் சிலர் அப்பா பெயரையும் சிலர் பண்ணைப் பெயரையும் நிலையாக்கிக்கொண்டார்கள். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிக்கு வேறு வேறு குடும்பப் பெயர் இருப்பது இதனால்தான். நார்வேயே 1923 சட்டத்தில்தான் நிலையான குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியது.

எனவே பண்ணைப் பெயர் கிடைத்தால் பாதிக் கதவு திறந்த மாதிரி. நார்வே ஆவணக் காப்பகத்தின் 'டிஜிட்டல்ஆர்கிவெட்' தளத்தில் 1801, 1865, 1900, 1910 கணக்கெடுப்புகளும் சர்ச் ஏடுகளும் இலவசம். விஸ்கான்சினின் மேடிசனில் நார்வே அமெரிக்க வம்சாவளி ஆய்வு மையம் உதவும். பல வட்டாரங்களுக்குப் பண்ணை வாரியாக யார் யார் குடியிருந்தார்கள் என்று எழுதிய ஊர் நூல்களும் உண்டு.

ஒரே ஓர் ஊருக்குத்தான் போக நேரம் இருக்கிறது. எங்கே போகலாம்?

டெக்கோரா. ஜூலை கடைசி வார இறுதியில் 1967 முதல் நடக்கும் நோர்டிக் ஃபெஸ்ட் ஒரு காரணம், ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் வெஸ்டர்ஹைம் அருங்காட்சியகம் பெரிய காரணம். வெஸ்டர்ஹைம் என்றால் மேற்கு வீடு. குடியேறியவர்கள் தங்கள் புதிய நாட்டைக் குறித்த சொல். அங்கே வரிசையாக மரப்பெட்டிகள் இருக்கின்றன. மூடியில் சுருள் சுருளாகப் பூவேலை, நடுவில் உரியவர் பெயரும் ஆண்டும். ஒரு குடும்பம் கடல் கடந்தபோது மொத்தச் சொத்தும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

அந்தப் பூவேலையின் பெயர் ரோஸ்மாலிங். அமெரிக்காவில் அது மறைந்துபோகும் நிலையில், ஸ்டோட்டனில் வண்டிகளுக்கு வண்ணம் தீட்டிய பெர் லிஸ்னெ என்ற நார்வேக்காரர் 1930களின் பஞ்ச காலத்தில் மரத்தட்டுகளில் தீட்டி விற்கத் தொடங்கினார். மறுமலர்ச்சி அங்கிருந்து வந்தது.

வடக்கே போக முடிந்தால் மூர்ஹெட் நகரில் ராபர்ட் ஆஸ்ப் என்ற பள்ளி ஊழியர் உருளைக்கிழங்குக் கிடங்குக்குள் ஆண்டுக்கணக்கில் கட்டிய வைக்கிங் கப்பலைப் பாருங்கள். புற்றுநோயோடு போராடிக்கொண்டே கட்டினார், 1980இல் இறந்தார். 1982இல் அவர் பிள்ளைகளும் நண்பர்களும் அதில் டுலூத்திலிருந்து நார்வேயின் பெர்கன் வரை போய்ச் சேர்ந்தார்கள். மைனாட் நகரில் செப்டம்பர் இறுதி வாக்கில் 1978 முதல் நடக்கும் ஹோஸ்ட்ஃபெஸ்ட்டும் பெரிய விழா.

இந்த நிலம் யாருடையது என்பதை இந்த விழாக்களில் பேசுகிறார்களா?

முன்பு பேசவில்லை. இப்போது கொஞ்சம் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். 160 ஏக்கர் இலவசம் என்று அரசு கொடுத்த நிலம் டகோட்டா மக்கள் முதலான பூர்வகுடிகளுடையது. ஒப்பந்தப் பணமும் உணவும் வராமல் பட்டினி கிடந்த டகோட்டா மக்கள் 1862இல் கிளர்ந்தெழுந்தார்கள். குடியேறிய நார்வேக் குடும்பங்களிலும் பலர் கொல்லப்பட்டார்கள். அந்த டிசம்பர் 26 அன்று மங்காட்டோ நகரில் 38 டகோட்டா ஆண்களை ஒரே நேரத்தில் தூக்கிலிட்டார்கள். பிறகு வடக்கு டகோட்டாவில் ஸ்பிரிட் லேக் மக்களுக்கென ஒதுக்கிய நிலத்தையும் 1904இல் வெளியாருக்குத் திறந்துவிட்டார்கள். அங்கும் நார்வேக்காரர்கள் நிலம் வாங்கினார்கள். நிலமில்லாமல் வந்தவர்களுக்கு இன்னொருவரை நிலமற்றவராக்கிக் கொடுத்த வரலாறு இது. கொடியேற்றும் மேடையிலேயே இதைச் சொல்வதால் விழாவின் மகிழ்ச்சி குறைந்துவிடாது என்பது என் உறுதியான எண்ணம்.

நார்வேயில் இருப்பவர்கள் இதைப் பார்த்து என்ன சொல்கிறார்கள்?

பலருக்கு வியப்பு. 1880இல் கிளம்பியவர்கள் 1880இன் நார்வேயை மடித்து எடுத்து வந்து, இங்கே விரித்து வைத்திருக்கிறார்கள். அங்கே நாடு எண்ணெய் வளத்தோடு வேறெங்கோ போய்விட்டது. சில சொற்களும் பலகார வழக்கங்களும் அங்கே மறந்து இங்கே நிலைத்திருக்கின்றன என்று நார்வேயிலிருந்து வந்த விருந்தாளிகளே சொல்வதுண்டு. 'இது உண்மையான நார்வே இல்லை' என்பவர்களும் உண்டு. அது சரி, இது நார்வே அமெரிக்கா. 200 ஆண்டு வயதான அதற்குத் தனி மரபு வந்துவிட்டது.

தமிழருக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு?

இந்த அமெரிக்க ஊர்களோடு இல்லை. நார்வேயோடு உண்டு. 1956இல் யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் நார்வே போய் மீன்பிடித் தொழில் கற்றார். திரும்பி வந்து 1967இல் காரைநகரில் சீநோர் நிறுவனம் உருவாகக் காரணமானார். பின்னர் ஈழத்து இளைஞர்கள் அங்கே படிக்கவும், வடகோடியின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்யவும், போர் முற்றியபோது அடைக்கலம் தேடியும் போனார்கள். இன்று அங்கே பிறந்த அவர்களின் பிள்ளைகள் மே 17 அன்று பள்ளித் தோழர்களோடு கொடி பிடித்து நடக்கிறார்கள்.

முதல்முறை போகிறேன். என்ன தெரிந்துவைத்திருக்க வேண்டும்?

மே 17 அன்று எதிரே வருபவரிடம் 'கிராத்துலேரர் மெ தாகன்' என்று சொல்லுங்கள், இந்த நாளுக்கு வாழ்த்து என்று பொருள். சாப்பிட்டு எழும்போது 'தக் ஃபொர் மாத்தன்' என்றால் சாப்பாட்டுக்கு நன்றி. உச்சரிப்பு பிசகினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்; அவர்களில் பலருக்கும் அது பிசகும்.

சர்ச் விருந்துக்குச் சீக்கிரம் போய் எண் வாங்கிவிடுங்கள். மீன் வேண்டாம் என்றால் பெரும்பாலும் இறைச்சி உருண்டை இருக்கும். சைவம் என்றால் உருளைக்கிழங்கும் லெஃப்ஸாவும்தான் கதி. முன்கூட்டியே சொல்லி வைத்தால் வேறு ஏதாவது செய்து தருவார்கள். லூட்டஃபிஸ்க் முதல் வாயிலேயே பிடிக்காமல் போகலாம், இரண்டாவது வாய்க்கு வெண்ணெயை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் வாசலோர மேஜையில் பெண்கள் விற்கும் லெஃப்ஸாவில் ஒரு பொட்டலம் வாங்குங்கள். நேரம் தள்ளிப் போனால் தீர்ந்துவிடும்.